எல்லாரும் பாஸ்

தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை ஆய்வுக் கூட்டத்தில் நிற்க வைத்தே பேசினார்களாம். எங்கள் மோகன் சாரும் நின்றிருக்கிறார். திரும்பி வந்தவர் தன் நாற்காலியில்கூட உட்காராமல் நேராக என் வகுப்புக்கு வந்தார்.

உத்திரமேரூர் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. நான் தமிழாசிரியை. அப்போது பத்தாம் வகுப்புப் பூஜாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். பத்தாவது வரைக்கும் வந்துவிட்ட பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷம் ஒருத்தரும் கவனிக்கவில்லையா என்று நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரியும். அவளாகவேதான் என்னிடம் வந்து கேட்டாள்.

"பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியல டீச்சர். இது திருப்புலிவனம் போவுமான்னு கேட்டா, கூட வர்ற பொண்ணுங்க சிரிக்குதுங்க."

கால், கொம்பு எல்லாம் மெல்லப் பிடிபட்டு, அன்றைக்குத்தான் ஒரு முழு வரியை யார் உதவியும் இல்லாமல் படித்திருந்தாள்.

"இன்னா கீதா மேடம், ஒண்ணாங்கிளாஸா நடக்குது?" என்றார் மோகன் சார். "பரீட்சை கிட்ட வந்துடுச்சி. இத நிறுத்திட்டு முப்பத்தஞ்சு மார்க்குக்கு வழி பண்ணுங்க."

"கொஞ்ச நாள் குடுங்க சார். நல்லாப் படிச்சிடுவா."

"படிச்சிடுவா, பாஸ் ஆவாளா? பெயிலானா மறுபடியும் நான்தான நிக்கணும்?"

 கோபத்தோடு பூஜாவின் வாசிப்புப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

முப்பத்தைந்துக்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. மனப்பாடப் பதில்கள் சில, அவற்றோடு எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற ஒரே கட்டுரை. மரம் வளர்ப்பானாலும் சாலைப் பாதுகாப்பானாலும் 'இன்றைய உலகில்' என்று தொடங்கி 'நாமும் பின்பற்றுவோம்' என்று முடியும். தலைப்பை மட்டும் வினாத்தாளைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல வரைந்துவிட வேண்டும். மற்றப் பாடங்களுக்கும் இதே வைத்தியம்தான். கேள்வியின் முதல் எழுத்தைப் பார், பதிலைக் கொட்டு.

பூஜா அந்தக் கட்டுரையைப் பார்த்துப் பார்த்துத் தினமும் எழுதினாள். ஒருநாள், "இதுல இன்னா எழுதிக் கீது டீச்சர்?" என்று கேட்டாள்.

"அப்புறம் சொல்றேன். நீ எழுதும்மா."

சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மே மாதம் முடிவு வந்தது. எல்லாரும் பாஸ். பூஜாவுக்குத் தமிழில் முப்பத்தெட்டு. மோகன் சார் கேசரி வாங்கிவந்து, எனக்குச் சால்வை போட்டார். பாவம், மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் கேசரி தின்றால் தீருமா?

அந்த நேரத்தில் பூஜா பையோடு வந்து நின்றாள்.

"லீவுல இன்னாத்துக்கும்மா பை?" என்றார் அவர்.

"பெயிலானவங்களுக்கு லீவுல ஸ்பெஷல் கிளாஸ் வெப்பாங்கன்னாங்க சார். நானும் ஒரு ஓரமா குந்திக்கினு படிக்கிறேன். டீச்சர் படிக்கச் சொல்லிக் குடுத்தது பாதியில நிக்குது."

அவர் சிரித்தார். "இந்த வருஷம் யாருமே பெயிலாவல. கிளாஸே கெடையாது. நீ பாஸும்மா, சந்தோசமா வூட்டுக்குப் போ."

பூஜா என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் பெயிலாயிருக்கணுமா டீச்சர்?"