எட்டு மாத வலி

ஈரப் படுக்கை விரிப்புகளைச் சலவை இயந்திரத்திலிருந்து இழுத்துத் தள்ளுவண்டியில் போடும்போதுதான் அந்த வலி வரும். நெஞ்சின் நடுவே பிடித்து இடது தாடை வரை ஏறும். ஒரு கையால் வண்டியைப் பற்றிக்கொண்டு, மூச்சு சீராகும்வரை அவள் நிற்பாள். அந்தப் பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அவள் நிற்பதை மேற்பார்வையாளரைத் தவிர யாரும் கவனிப்பதில்லை. "என்னம்மா, வேலைக்கு டிமிக்கியா?" என்பார் அவர்.

வீட்டிலும் சொல்லிப் பார்த்தாள். "கேஸா இருக்கும். ஒரு சோடா குடி" என்றான் கணவன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். கல்லூரியில் படிக்கும் மகளோ, "அம்மாவுக்கு தினம் ஒண்ணு" என்று சிரித்தாள். மருந்துக் கடைக்காரர்கூட அவள் சொல்லி முடிக்கும் முன்பே வயிற்று மாத்திரையை எடுத்து நீட்டினார். போகப் போக, சொல்வதையே விட்டுவிட்டாள். மூன்று பேர் இருந்த வீட்டில் அவளும் அவள் வலியும் மட்டும் தனிக் குடித்தனம் நடத்தினார்கள்.

ஒருநாள் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறியதும் கண் இருட்டிக்கொண்டு வர, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வார விடுமுறை. யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போனாள். ஈ.சி.ஜி. தாளைப் புரட்டிய டாக்டர், "எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடுவோம்" என்றார்.

எக்கோ அறையில் விளக்கு மங்கலாக எரிந்தது. "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டாள் டெக்னீஷியன் பெண்.

"யாரும் வரல."

அவளை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை விலாவில் அழுத்தினாள் அந்தப் பெண். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைப் பாதியில் விட்டுத் திரைக்கு அருகே குனிந்தாள். கருவியைச் சாய்த்தும் திருப்பியும் ஒரே இடத்தையே பார்த்தாள். "அஞ்சு நிமிஷம்மா. டாக்டரக் கூட்டிட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அரையிருட்டில், ஈர நெஞ்சோடு அவள் கிடந்தாள். ஏதாவது இருக்குமோ என்ற பயம் அவளுக்கு இல்லை. ஒன்றுமில்லை என்று இவர்களும் சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயந்தாள்.

டாக்டர் வந்து திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது உங்க இதயம்மா. சுவரப் பகுதி பகுதியாப் பாக்குறோம். ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லாப் பக்கமும் உள்ள சுருங்கணும். இந்தக் கீழ்ப்பக்கம் மட்டும் பாருங்க, அசையவே தடுமாறுது. அங்க ரத்தம் சரியாப் போகல. உங்க வலி நெசம்மா."

அவள் விம்மி அழுதாள். "பயப்படாதீங்க" என்றாள் டெக்னீஷியன். இது பயமில்லை என்று விளக்க அவளுக்குத் தெரியவில்லை.

கணவனுக்குப் போன் போனது. "வேலைல இருக்கேன், சாயந்தரம் பேசலாம்" என்றவனிடம் டாக்டரே பேசினார். அரைமணி நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். அவனுக்கும் திரையைக் காட்டினார் டாக்டர்.

"எத்தன நாளா வலி?"

"ரெண்டு மூணு நாளா இருக்கும் சார்" என்றான் அவன்.

"எட்டு மாசம்" என்றாள் அவள்.

அவன் திகைத்துப்போய்த் திரும்பினான். "எங்கிட்ட சொல்லவே இல்லயே?"

"சொன்னேன். சொல்றத நிறுத்தினது போன மாசந்தான்."

அன்றே மெல்லிய குழாய் செலுத்தி, இதய ரத்தநாளத்தில் இருந்த அடைப்பை நீக்கினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கொஞ்சம் தாமதமாகிவிட்டதால் அந்தப் பக்கத்து இதயத் தசை முழுசாகத் தேறுமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தான் கணவன். மகள் அம்மாவின் காலடியில் தலைகுனிந்து நின்றாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றான் அவன். "அந்தப் படத்துல பாத்தப்புறந்தான் எனக்கு ஒறச்சுது."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமில்லை.

"மிஷின் சொன்னதும் நம்பிட்டீங்க. ஒருத்தி வாய்விட்டு வலிக்குதுன்னு சொன்னா, அப்பவே நம்பணுங்க."