மே மாதத்தில் ஹீட்டர்

என் தங்கை ஞானசௌந்தரியின் கல்யாணத்தன்று காலை அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "போற வழியிலயோ வர்ற வழியிலயோ இது நின்னுச்சுன்னா, நாளைக்கே காயலான் கடை. அப்பறம் என்னாண்ட பேசாத."

இது என்றது என் காரை. ஐம்பத்தேழாம் வருஷத்து அமெரிக்கக் கார், ஏதோ மில் முதலாளி ஏறிப் போனது. மறைமலை நகரில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்க வேண்டிய பகலெல்லாம் அதற்கடியில் படுத்து நான்கு வருடம் போக்கியிருந்தேன். ஓடினால் சோபாவில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும். சூடோடு அணைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஸ்டார்ட் ஆகாது. போதாததற்கு உள்ளே ஹீட்டர். அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டை சர்ச்சுக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். மூடியிருந்தது. ஒரு ரயில் போயிற்று. திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று. அப்போதும் திறக்கவில்லை. நான் இன்ஜினை அணைக்கவில்லை. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே இருந்தது.

"இன்னாடா, முள்ளயே பாத்துகினு கீற?" என்றார் பக்கத்தில் இருந்த அப்பா.

இறங்கிப் பார்த்தேன். விடிகாலையில் தாவீது மாமா முன்பக்க கிரில் முழுக்கச் சாமந்தி மாலையைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தார். ரேடியேட்டருக்குக் காற்றே போகவில்லை. ஜோராக இருக்கிறதென்று நானும் விட்டிருந்தேன். முட்டாள்தனம். பிளேடால் அறுத்து எறிந்தேன்.

பின் சீட்டிலிருந்து கன்னியம்மா அத்தை கத்தினாள். "டேய், கல்யாண வண்டிடா! பொணத்த எறக்கின வண்டி மாரி மொட்டையாக்கி வச்சிகீற!"

முள் இறங்கவில்லை. மூன்றாவது ரயிலும் வர வேண்டுமாம். ஒரு வழிதான் மிச்சம். ஹீட்டரைத் திறந்தால் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"சௌந்தரி, ஹீட்டர் போடப் போறேன். உள்ள வெந்துரும்."

"மே மாசத்துலயா? போட்டா வண்டி நிக்காதுல்ல?"

"நிக்காது."

"அப்ப போடுண்ணா."

அனல் அடித்தது. அத்தை கர்த்தரைக் கூப்பிட்டாள். அப்பாவின் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. சௌந்தரி பவுடர் கோடு கோடாக வழிய, முன் சீட்டுக்கு மேல் எக்கி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குதுண்ணா. ஒரு நூல் எறங்குது."

கேட் திறந்தது. தண்டவாளத்தை முதல் கியரிலேயே தாண்டி, சர்ச் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண்களெல்லாம் ஓடிவந்து சௌந்தரிக்கு முகம் துடைத்தார்கள். அப்பா என் ஜன்னலருகே வந்தார்.

"ஆப் பண்ணிட்டு வாடா."

"பண்ணா ரெண்டு மணி நேரம் எடுக்காதுப்பா. ஆராதன ஒரு மணி நேரந்தான். பொண்ணு மாப்ள வூட்டுக்கு எப்படிப் போவும்?"

அப்பா காரை ஒரு முறை முன்னும் பின்னும் பார்த்தார். கழுத்து டையைக் கழற்றிப் பிழிந்தார்.

"பாஸ்டராண்ட சொல்றேன். பிரசங்கத்த இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கட்டும். அவருக்கு அது கசக்கவா போவுது?"

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினேன்.