காந்தா வீட்டு ஆள்

அண்ணியின் வலது கையை உடைத்தவன் நான். மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரே அடி. தள்ளுமுள்ளில் தவறிப் பட்டுவிட்டது என்று மாகறலில் இன்னும் சிலர் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அவர்கள் வாயை மூடிக்கொள்ளட்டும். குறி பார்த்துத்தான் அடித்தேன்.

அது அறுபத்தொன்பது, மழை பொய்த்த வருடம். எங்கள் கழனிகளுக்குச் செய்யாற்று ஊற்றுக்கால்தான் கதி. ஆற்று மணலில் நீளமாகக் கால்வாய் வெட்டினால் அடியிலிருந்து நீர் கசிந்து ஓடிவரும். மணல் சரிந்து தூர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், தை பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய்த் தூர் எடுக்க வேண்டும். முதல் வெட்டுக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்கு அந்தப் போகம் முழுக்க மடைத் தண்ணீர் கிடையாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியவரும் யாருமில்லை. என் அண்ணன் பாம்பு கடித்துச் செத்த மறுவருடம் அண்ணி காந்தா தானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொம்பளை ஆள் கணக்கில் சேருமா என்று கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். மதியத்துக்குள் அவள் வெட்டியிருந்த நீளத்தைப் பார்த்து எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

அறுபத்தொன்பதில் கிராம சேவக் பூவராகவன் பிளாக் ஆபீசுக்கு நடையாய் நடந்து, அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்க்காரர்களான எங்கள் ஆறு பேருக்குச் சேர்த்து ஓர் ஆயில் எஞ்சின் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். எஞ்சின் குழியை ஊற்றுக்காலிலிருந்து நூறு கஜமாவது தள்ளித் தோண்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். அவ்வளவு தூரத்துக்கு எங்களிடம் குழாய் இல்லை. அவருடைய சைக்கிள் கண்ணுக்கு மறைந்ததும் ஊற்றுக்காலின் தலைமாட்டிலேயே தோண்டினோம். ஆற்றுத் தண்ணீர் வேறு, ஊற்றுத் தண்ணீர் வேறு என்பது எங்கள் நினைப்பு. எஞ்சின் வந்த திமிரில் ஆறு வீட்டிலிருந்தும் ஒருவர்கூடத் தூர் எடுக்கப் போகவில்லை.

பங்குனியில், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், எஞ்சின் இழுத்த இழுப்பில் ஊற்றுக்கால் வறண்டது. அண்ணியின் கழனி என் கழனிக்கு அடுத்தது. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு வரப்பு போட்டோம், அவ்வளவுதான். என் பக்கம் பச்சை, அவள் பக்கம் வெடிப்பு. குழியை மாற்றச் சொல்லி மூன்று முறை வந்து கேட்டாள். எனக்கு மனசு உறுத்தியது, உறுத்திய அளவுக்குக் கோபமும் வந்தது. அறுப்பு முடியட்டும் என்று விரட்டிவிட்டேன்.

நாலாவது முறை கடப்பாறையோடு வந்தாள். பின்னால் கடைமடைக்காரர்கள் பத்துப் பேர். எங்கள் ஆறு பேரில் ஒருவனான வீரபாகு குழியிலிருந்து ஏறி வந்து அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மணலில் சுருண்டாள். கடைமடைத் தர்மன் ஒரு கல்லை எடுத்து வீரபாகுவின் வாயில் குத்தினான். இரண்டு பற்கள் ரத்தத்தோடு வந்து விழுந்தன. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மணலை வாரிக் கண்ணில் போட்டார்கள். ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்தான். தர்மனைக் கீழே தள்ளி அவன் கழுத்தை நான் மிதித்துக்கொண்டிருந்தபோது இரும்பு உடையும் சத்தம் கேட்டது.

அண்ணி குழிக்குள் நின்று பம்பைப் பிளந்துகொண்டிருந்தாள். மறுபடியும் கடப்பாறையை ஓங்கினாள். நான் குதித்தேன், அடித்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இடது கையால் கடப்பாறையை எடுத்து இன்னோர் அடியும் போட்டுவிட்டுத்தான் விழுந்தாள்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஏட்டு வந்து வாக்குமூலம் எழுத உட்கார்ந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். குழியில் வழுக்கி விழுந்ததாக அவரிடம் சொன்னாள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அவர் போனதும் உள்ளே ஓடி அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"அழுவாதபா," என்றாள். "உன்ன உள்ள தள்ளிட்டா மணல் யாரு வெட்றது? என் ஊட்டுக்கு இருந்தது ஒரு கை. அத நீ ஒடச்சிட்ட. இனிமே என் ஊட்டு ஆளு நீதான்."

அப்போது என் கழனி என்ன ஆவது என்று கேட்டேன். அந்த நேரத்திலும் வெட்கமில்லாமல் அதைத்தான் கேட்டேன்.

"மொத வெட்டுக்கு உன் ஊட்லருந்து யாராச்சும் வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எஞ்சின் நின்ற ஐந்தாம் நாள் ஊற்றுக்கால் அடியில் ஈரம் கண்டது. நான் மண்வெட்டியோடு போய் நின்றேன். காந்தா வீட்டு ஆள் வந்தாச்சு என்று யாரோ சொன்னார்கள். தர்மன் எனக்குப் பக்கத்திலேயே நின்று வெட்டினான். மறுநாள் உச்சிப் பொழுதுக்குத் தண்ணீர் கழனிப் பக்கம் வந்தது. வரும் வழியில் முதலில் என் மடை. என் நெல் நுனி கருகி, பால் வற்றிப் பதராகத் தொடங்கியிருந்தது. காவலுக்கு யாரும் இல்லை. திறந்தே கிடந்த மடையை அப்படியே விட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை. குனிந்து மண்ணை வெட்டிப் போட்டு, என் மடையை நானே அடைத்துக் காலால் மிதித்து இறுக்கினேன்.