நாற்பத்தெட்டு என்று எழுதிய தாள்

காற்று நின்று நாற்பத்தொரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கட்டுப்பாட்டு அறை என்று பெயர்தான் பெரிது. ஒரு சுவரை பேட்டரி அடுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு இன்வெர்ட்டர்கள். மிச்ச இடத்தில் ஒரு ஸ்டூல். அதன் நுனியில் அவள் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி இருபத்தாறு சதவீதம். பதினைந்தைத் தொட்டால் தானாக அணைந்துவிடும். அப்படி அமைத்தவளும் அவள்தான்.

மலைமேல் நாற்பது வீடு. மின்கம்பி எட்டாத ஊர். சூரியத் தகடு, காற்றாடி, ஆத்திர அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். மூன்றையும் ஒன்றாகக் கோத்து ஒன்பது மாதத்துக்கு முன் அவளுடைய நிறுவனம் இங்கே விளக்கேற்றியது. எது எவ்வளவு வேண்டும் என்று அளந்து, கணக்குப் போட்டு எழுதிக்கொடுத்தது அவள். இப்போது ஆறு நாளாக மேகம் விலகவில்லை. முந்தாநாள் இரவு ஒன்பது மணிக்குக் காற்றும் கைவிட்டது. வீடுகளுக்குப் போகும் கரண்டை நேற்றே நிறுத்தியாகிவிட்டது. ஓடுவது சுகாதார நிலையம் மட்டும்.

அங்கே ஒரு கட்டிலில் ஜெனரேட்டர்காரரின் மாமியார் படுத்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் தரும் மெஷின். அதற்குக் கரண்ட் வேண்டும்.

ஜெனரேட்டர்காரரை ஊரில் புகையண்ணன் என்பார்கள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, அதையே பாக்குற? படம் இன்னும் போடலியா?"

"இருபத்தாறு, அண்ணே. அஞ்சு மணி நேரம் வரும்."

"டேங்க்குல குச்சி விட்டுப் பாத்தேன். அதுவும் அஞ்சு மணி நேரம். அதுக்கு மேல நான் வாயால ஊதித்தான் ஓட்டணும்."

அவள் சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை. இந்த ஊரில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர்.

நர்ஸ் ஓட்டமும் நடையுமாக வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

"ஜீப்காரர் மூணு மணிக்குக் கிளம்புறாராம். அதுக்கு மேல ஓடையில தண்ணி ஏறிடும், ரெண்டு நாளைக்கு யாரும் இறங்க முடியாதுன்றார். அம்மாவை ஏத்தணுமா வேண்டாமா, இப்பவே சொல்லணும்."

"ஏத்தினா?" என்றார் புகையண்ணன்.

"இருக்கிறது ஒரே சிலிண்டர். நாலு மணி நேரம் தாங்கும். கீழ ஆஸ்பத்திரிக்கு மூணரை மணி நேரம். நடுவுல ஒரு டயர் பஞ்சரானா..."

"பஞ்சரானா அந்தம்மா மூச்சு வாங்கிக்கிட்டே என்னைத்தான் திட்டும். இருபது வருஷமா அதானே நடக்குது." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த துணி கசங்கிக்கொண்டே இருந்தது.

நர்ஸ் சுவரைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு அவளே ஒட்டிய தாள். நான்காவது வரியை நர்ஸ் விரல் வைத்துப் படித்தார்.

"மழை மாதங்களில் காற்று தொடர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. நீ எழுதினதுதானே? அப்போ இன்னும் ஏழு மணி நேரம். நம்ம கையில பத்து இருக்கு. அந்த ரோட்டுல போட்டு ஆட்டுறதை விட இங்கயே வச்சிருக்கலாம். என்னம்மா?"

அவள் தாளைப் பார்க்கவில்லை. அதன் கீழே இருந்த காற்று வரைபடத்தைப் பார்த்தாள். அதில் இரண்டு மேடுகள் பக்கத்துப் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகளைப் போல, ஒரே உயரம், ஒரே சரிவு. தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"கணக்குப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன இழுக்குற? உன் கையெழுத்துதானே?"

"ஆமா, அண்ணே."

"படிச்ச பொண்ணு, ஒரு வருஷம் அளந்து எழுதியிருக்கு. அப்புறம் என்ன யோசனை? ஜீப்பைப் போகச் சொல்றேன்."

அவர் வெளியே போனார். திறந்த கதவு வழியே கொடியில் தொங்கிய சட்டை தெரிந்தது. அதன் கை நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூல் பிடித்த மாதிரி.

ஹாரன் இரண்டு முறை அடித்தது. இன்ஜின் உறுமியது. திரையில் இருபத்தாறு இருபத்தைந்தாக மாறியது.

சொன்னால் வேலை போகும். அது பரவாயில்லை. சொன்ன பிறகு இந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்குத்தான் பயந்தாள். சொல்லாவிட்டால் பத்து மணி நேரம் கழித்து அந்தக் கட்டிலைப் பார்க்க வேண்டும்.

ஸ்டூல் கவிழ்ந்தது. செருப்பு போடாமல் சேற்றில் ஓடினாள்.

"அண்ணே! ஜீப்பை நிறுத்துங்க!"

அவள் குரலை இவ்வளவு உரக்க ஊரில் யாரும் கேட்டதில்லை. புகையண்ணன் ஜீப்பின் கதவைப் பிடித்தபடி திரும்பினார். பின்னாலேயே நர்ஸ் வந்து நின்றார்.

"அம்மாவை ஏத்துங்க. அந்தத் தாளை நம்பாதீங்க."

"என்னம்மா சொல்ற?"

"போன மழையில, மேட்டுல இருக்கிற காத்து அளக்கிற கருவி பதினோரு நாள் செத்துக் கிடந்துச்சு. அதுக்கு பேட்டரி செல் மாத்தணும். தனியா ஏறப் பயம், துணைக்கு வாங்கன்னு உங்களைக் கேக்கக் கூச்சம். நான் போகவே இல்ல. முந்தின பதினோரு நாள் கணக்கை அப்படியே எடுத்து அந்த இடத்துல ஒட்டிட்டேன். அந்த நாள்ல காத்து அடிச்சுதா, எத்தனை நாள் நின்னுச்சு, எனக்குத் தெரியாது அண்ணே. நான் அளக்கவே இல்ல."