நோரீன் ஏறாத கார்

பதினோரு வருடங்களாக வெண்டலின் ஆரஞ்சு நிறக் காரில் பக்கத்து இருக்கை காலியாகவே போய்வந்துகொண்டிருந்தது.

1970-ஆம் வருடத்து மசில் கார், சீறிப் பாய்வதற்கென்றே செய்த முரட்டு வண்டி. எட்டு சிலிண்டர் எஞ்சின். கிளப்பினால் தெருக்கோடி வரை ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். நேர்ச்சாலையில் புலி, வளைவு வந்தால் படகு. ஒரு பக்கம் சாயும், நிமிரும், மறு பக்கம் சாயும். வாங்கிய புதிதில் ஏறிய வெண்டலின் மனைவி நோரீனுக்கு மூன்றாவது வளைவிலேயே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தெற்கு ஒஹையோவில் வளைவு இல்லாத சாலைக்கு எங்கே போவது? அதனால் பழைய கார்க்காரர்கள் எங்கே கூடினாலும் வெண்டல் முன்னால் தனியாகப் போவான். நோரீன் தன் சின்ன வெள்ளைக் காரில் பின்தொடர்ந்து வருவாள்.

"உன் பொண்டாட்டி உன்னைத் துப்பறியறாளாடா?" என்று நண்பன் ஹார்லன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். வெண்டல் சிரித்து வைப்பான். ஆனால் உள்ளே சுருக்கென்று தைக்கும்.

இந்த செப்டம்பரில் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் வரிசையாக ஏரிக்குப் போகும் சனிக்கிழமை, அவர்களின் முப்பதாவது திருமண நாளாக அமைந்தது. அன்றைக்காவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்று வெண்டலுக்கு ஆசை. ஆகஸ்டிலேயே கேட்டுவிட்டான்.

நோரீன் யோசித்துப் பதில் சொன்னாள். "ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்கறேன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, ஆத்தோர ரோட்டுல பெட்ரோல் பங்க் வரைக்கும் போறோம், திரும்பறோம். பிடிக்கலன்னா அதோட சரி. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

நான்கு சனிக்கிழமைகள் கராஜிலேயே கழிந்தன. வண்டியை ஓர் அங்குலம் தாழ்த்தும், கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்குகள் வந்தன. புது ஷாக் அப்சார்பர்கள் ஏறின. வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் தடித்த குறுக்குக் கம்பிகள். சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கைகளின் மூட்டுகளில், அதிர்வை வாங்கிக்கொள்ளும் புஷ் என்கிற ரப்பர் உருளைகள் நைந்து கிடந்தன; அவற்றைப் பிடுங்கி எறிந்து, புதிய ரப்பர் புஷ்களை அடித்து ஏற்றினான்.

"கெட்டி பிளாஸ்டிக் புஷ் போடுடா. ரேஸ் கார் மாதிரி நிக்கும்" என்றான் ஹார்லன்.

"ரோட்டுல கெடக்கற கூழாங்கல்லு ஒவ்வொண்ணும் முதுகெலும்புல வந்து ஆஜர் சொல்லும். நோரீனுக்கு ரப்பர்தான் சரி."

"முப்பது வருஷமா உன்னையே தாங்கினவ. பிளாஸ்டிக்கைத் தாங்க மாட்டாளா?"

கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம், வண்டி ஸ்டாண்டுகளின் மேல் நிற்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, வெண்டல் எல்லா போல்ட்டுகளையும் ஒரே மூச்சில் முறுக்கி இறுக்கினான். விடிந்தால் சவாரி. கை பரபரத்தது. இறக்கியபோது வண்டி கொஞ்சம் தூக்கலாகத்தான் நின்றது.

"புது ஸ்பிரிங். ஓட ஓட உக்காரும்" என்று ஹார்லன் பியரைத் திறந்தான்.

ஞாயிறு காலை நோரீன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவளைப் போல நேராக உட்கார்ந்தாள். முதல் வளைவில் வண்டி சாயவில்லை. இரண்டாவதிலும் இல்லை. வெண்டலுக்கு நெஞ்சு பூரித்த அதே நேரத்தில் சாலையில் ஓர் ஒட்டுப் போட்ட இடம் வந்தது. வண்டி உதைத்தது. பாலத்தின் இணைப்பில் மறுபடி உதைத்தது. பெட்ரோல் பங்க் வருவதற்குள் நோரீனின் கை கதவுப் பிடியை விட்டு நகரவில்லை.

வண்டி நின்றதும் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரோடு மோசம்" என்றான் வெண்டல்.

"இந்த ரோட்டுல தினமும் என் கார்ல வேலைக்குப் போறேன், வெண்டல்."

முடிந்தது. நான்கு வாரமும் ஒரு ஆசையும், ஆறு மைலில்.

நோரீன் மெல்ல நடந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இங்க வா. நீ வண்டியைத் தாழ்த்தினேன்னுதானே சொன்ன?"

"ஆமா. ஒரு அங்குலம்."

"ஏறித்தான் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா இதோட பின்பக்கத்தைத்தானே பாத்துட்டு வரேன். உன் மூஞ்சியைவிட இது எனக்கு நல்லாத் தெரியும். நம்பர் பிளேட்டுக்குக் கீழ இவ்வளவு வெளிச்சம் ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. இன்னொண்ணு. நீ ஏறினா பின்பக்கம் லேசா அமுங்கும். காலையில நீ ஏறினப்ப அசையவே இல்ல. ஏதோ அடியில முட்டுக் குடுத்த மாதிரி."

வெண்டல் பின் பம்பரை இரண்டு கைகளாலும் அழுத்தினான். வண்டி விறைத்துக்கொண்டு நின்றது. தரையில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் காது மடல் சூடேறியது.

சக்கரங்கள் தொங்கியபோது இறுக்கியதால், ரப்பர் புஷ்கள் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டுவிட்டன. இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, வண்டியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. எடை முழுதும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் அந்த போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அவனுக்குத் தெரியாததா? போன வருடம் ஹார்லன் வண்டிக்கு அவனே சொல்லிக் கொடுத்த விஷயம்.

ஸ்பிரிங் விற்றவனைத் திட்டலாம். ரோட்டைத் திட்டலாம். அவன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான்.

"வண்டி மேல தப்பில்ல. என் அவசரம். தொங்கறப்பவே இறுக்கிட்டேன். அவுத்து இறுக்கினா சரியாகும். ஆனா நீ ஒரே தடவைன்னு சொல்லிட்ட. நான் கேக்க மாட்டேன்."

நோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சால்ஜாப்பு சொல்லாத வெண்டல் அவளுக்குப் புதிது.

"ஒரு தடவைங்கறது வண்டிக்கு. இன்னிக்கு நான் பாத்தது உன் முட்டாள்தனத்தை. அது கணக்குல வராது. வீட்டுக்கு ஓட்டு. மெதுவா."

மதியத்துக்குள் ஹார்லனின் சாய்தள மேடைகள் வந்துவிட்டன. நான்கு சக்கரங்களும் மேடைமேல் ஊன்றி நிற்க, கட்டைகள் முட்டுக்கொடுத்திருக்க, வெண்டல் அடியில் படுத்தான்.

"நோரீன், நீ உன் சீட்ல ஏறி உக்காரணும். ஆள் எடையோட இறுக்கினா இன்னும் துல்லியமா இருக்கும்."

"என் எடைக்கு அளவெடுத்து ஒரு வண்டி" என்று முணுமுணுத்தபடி ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் ஹார்லன் உட்கார்ந்துகொண்டான்.

"ஏன்டா, ரெண்டு பேரும் கிளம்பிடட்டுமா?" என்று கீழே குனிந்து கேட்டான்.

"அசையாம கெட, தடியா."

ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்ந்தது. கடைசிப் போல்ட் தளர்ந்தபோது வண்டி பெருமூச்சு விட்டதுபோல ஒரு விரல்கடை இறங்கியது. நோரீன் அதை இருக்கையிலேயே உணர்ந்தாள். வெண்டல் நிதானமாக இறுக்கினான். பிறகு நூல் பிடித்து முன் சக்கரங்களை நேராக்கினான்.

நான்கு மணிக்கு மறுபடி ஆற்றோரச் சாலை. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. ஒட்டுப் போட்ட இடத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, உதை இல்லை. பாலம் கடந்தது. வெண்டல் ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கை கதவுப் பிடியில் இல்லை. ஜன்னலை இறக்கி, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வண்டியிலிருந்து அவள் ஆற்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பெட்ரோல் பங்க் தெரிந்தது. பேச்சு பேச்சுதான். வெண்டல் வேகத்தைக் குறைத்து, திரும்புவதற்கு விளக்கைப் போட்டான்.

"பெட்ரோல் இல்லையா?" என்றாள் நோரீன்.

"முக்கால் டாங்க் இருக்கே."

"அப்புறம் எதுக்குத் திரும்பற?"

வெண்டல் விளக்கை அணைத்தான்.