விடுதிக்கு அருகே பார்க்க வேண்டிய ஐந்தாவது இடம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விடுதியின் இணையப் பக்கத்தில் பிறந்தது. 'அருகில் பார்க்க வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு நான்கு இடங்களை எழுதிவிட்டேன். ஐந்தாவதற்கு இடமே கிடைக்கவில்லை.

எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு இத்தாலியின் நேப்பிள்ஸில் தலை நரைத்தவன் நான். சோறு போடுவது என்னவோ இந்த மாதிரிப் பத்திகள்தான். விடுதியின் சொந்தக்காரி எர்சிலியா அம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று நான் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். கோட்டை, நடந்து ஐந்து நிமிடம். (நடப்பவர் புறாவாக இருந்தால்.) பேராலயம். பூமிக்கு அடியில் இருக்கும் பழைய சுரங்கங்கள். நான்காவது, எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் எரிமலை. (பக்கத்து வீட்டில் போர்வை காயாத நாட்களில் மட்டும்.)

"நாலோட நிறுத்தினா சரக்கு தீந்துபோச்சுன்னு நினைச்சுக்குவாங்க, வாத்தியாரே. அடுத்த தெரு விடுதிக்காரன் ஏழு போட்டிருக்கான்."

"சரக்கு தீந்துதான் போச்சு, சிஞ்ஞோரா."

"சன்னல் வழியா எட்டிப் பாரு. எழுதுறவன் கண்ணுக்கு ஏதாவது ஆப்பிடாமலா போகும்?"

எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு நாலாம் மாடியிலிருந்து ஒரு கூடை இறங்கிக்கொண்டிருந்தது.

2

கூடையை வைத்து எப்படித் தொடங்குவது என்று நிறைய யோசித்தேன். குப்பைக்குப் போனவற்றில் இரண்டு:

"வானத்திலிருந்து ஒரு கயிறு இறங்கியது, அதன் முனையில் ஒரு பெண்ணின் தனிமை ஊசலாடிக்—" (வேண்டாம். முனையில் ஊசலாடியது பிரம்புக் கூடை. உள்ளே காலிப் பால் புட்டி இருந்தது.)

"காதல் என்பது கீழிருந்து மேலே போகும் ஒரு—" (இதை எழுதிய கையை நானே தட்டினேன்.)

நேராகவே சொல்கிறேன். நாலாம் மாடியில் இருப்பவர் டோன்னா நுன்சியா. அறுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். முழங்கால் அறுவைச் சிகிச்சை சரியாக அமையவில்லை, வீட்டில் லிஃப்டும் கிடையாது. ஆகவே அவருக்கு வேண்டியதெல்லாம் கயிற்றில்தான் ஏறும். கீழே காய்கறிக் கடை வைத்திருப்பவர் டோன் கார்மினே. (சிஞ்ஞோரா, டோன்னா, டோன் எல்லாம் இங்கே பெயருக்கு முன்னால் போடும் மரியாதை.) கல்யாணமே செய்துகொள்ளாதவர், மீசையை மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வைத்திருப்பார். காலை பதினோரு மணிக்குக் கூடை இறங்கும். மேலேயிருந்து அவர் கத்துவார், கீழேயிருந்து இவர் கத்துவார், காய் ஏறும்.

"நேத்து குடுத்த தக்காளி எங்க வீட்டுக்காரர் மாதிரி இருந்துச்சு! வெளிய பளபளன்னு, உள்ள தண்ணி!"

"அவரையும் நீங்கதான தட்டிப் பாத்து எடுத்தீங்க, டோன்னா நுன்சியா!"

சந்தே சிரிக்கும். காய்களுக்கு மேலே டோன் கார்மினே ஒரு கட்டு பார்ஸ்லித் தழை வைப்பார். அது கொசுறு. நம் ஊர்க் கடைகளில் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் போடுவது போல இங்கே எல்லோருக்கும் உண்டு.

அன்று நான் பார்த்தபோது அந்தக் கட்டில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. மற்றவர்களுக்கு ரப்பர் பேண்டு. (ரப்பர் பேண்டு தீர்ந்துபோயிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் கதை கெட்டுவிடும்.)

ஐந்தாவது இடமாக இப்படி எழுதினேன்: "காலை பதினோரு மணிக்குச் சந்தில் நின்று மேலே பாருங்கள். நீலச் சன்னலிலிருந்து கூடை இறங்கும். அதில் காய்கறிக் கடைக்காரர் வெள்ளை நூல் கட்டிய பசுந்தழை வைப்பார். பதினோரு வருடமாக அவர் வாய்விட்டுச் சொல்லாத காதல் அது."

நூல் உண்மை. காதல் என் கைச்சரக்கு. எர்சிலியா அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை முதல்ல போட்டிருக்கலாமே," என்றார்.

3

வந்தார்கள். முதலில் ஒரு ஜோடி, பிறகு கும்பல். நீங்களும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள், பரவாயில்லை. கூடை இறங்கினால் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் பார்ஸ்லிக் கட்டுக்கு முத்தம் கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் சாக்லேட் போட்டார். யாரோ இதயம் வரைந்து போட்டார்கள்.

டோன் கார்மினே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, வர்றவன் எல்லாம் கத்தரிக்காயை விட்டுட்டு என் மூஞ்சியைப் படம் புடிக்கிறான்? ஒருத்தி போனைக் காட்டினா. படிச்சேன்."

"அது சும்மா, விடுதிக்காக..."

"பார்ஸ்லி குடுத்தா காதல்னா, இந்தச் சந்துல பாதிப் பேருக்கு நான் புருஷன்!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குச் சன்னல் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கும்பல் நின்று பார்த்துவிட்டுச் சுரங்கம் பார்க்கப் போனது. டோன்னா நுன்சியா வீட்டில் என்ன இருக்கும்? கொஞ்சம் பாஸ்தா, டப்பாவில் அடைத்த மீன், அந்தச் சாக்லேட். அதைவிட, ஒரு நாளைக்கு அவர் இன்னொரு மனிதரோடு பேசுவது அந்தப் பதினோரு மணிக் கத்தல் மட்டும்தான். அதையும் பிடுங்கிவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கடையில் டோன் கார்மினேயும் யாரிடமும் கத்தவில்லை. வாங்க வந்தவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

(இங்கே ஒரு சந்தேகம். இந்த டோன் கார்மினேயை எனக்கு உண்மையில் தெரியுமா? அவர் தினமும் அந்தச் சன்னலை அண்ணாந்து பார்ப்பார் என்று ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அந்தச் சந்தில் எல்லோரும்தான் அண்ணாந்து பார்க்கிறோம். பால் புட்டி தலையில் விழுந்தால் யார் பொறுப்பு?)

4

நான்காம் பகுதியைத் தூக்கிவிட்டேன். அதில் இருவரும் இளமையில் ஒரு திருவிழாவில் சந்திப்பதாக, மழையெல்லாம் பெய்வதாக எழுதியிருந்தேன். நல்ல மழை. ஆனால் டோன்னா நுன்சியா இந்தச் சந்துக்கு வந்ததே கணவர் போன பிறகுதான்.

5

மூன்றாம் நாள் சன்னல் படாரென்று திறந்தது.

"வாத்தியாரே! ஒளியாத, உன் வழுக்கை தெரியுது! மேல வா!"

கூடை இறங்கியது. உள்ளே வீட்டுச் சாவி.

சாவி விஷயத்தைச் சொல்லாவிட்டால் கடைசியில் என்னைத் திட்டுவீர்கள். அவரால் கீழே வந்து கதவு திறக்க முடியாது. மேலே வரச் சொல்கிற ஆளுக்குக் கூடையில் சாவி இறங்கும். எங்கள் சந்தின் எண்ணத்தில் தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு மூன்று வகை ஆண்கள்தான் ஏறலாம்: டாக்டர், பாதிரியார், கல்யாண மாப்பிள்ளை. நான் சாவியை எடுத்தபோது இந்த மூன்றில் நான் எதிலும் சேர்த்தி இல்லை என்பதைச் சந்தே நின்று சரிபார்த்தது. டோன் கார்மினே தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமான தராசு அது.

மேலே காப்பி தயாராக இருந்தது. டோன்னா நுன்சியா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாசி."

வாசித்தேன்.

"சன்னல் பச்சை. நீலம்னு எழுதியிருக்க."

"மன்னிக்கணும்."

"கண்ணு தெரியாதவன் எல்லாம் எழுத வந்துட்டீங்க. சரி, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வாசித்தேன். அவர் சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "இதை அவரு சொன்னாரா? நீயா எழுதினதா?"

(இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியன் என்ன செய்வான்? "அவர்தான் சொன்னார்" என்று சொல்லவைப்பான். அந்த அம்மாள் முகம் மலரும், வாசகருக்கும் திருப்தி. அதை எழுதியும் பார்த்தேன், அழகாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

"நானா எழுதினதுதான், டோன்னா நுன்சியா."

நான் குடித்து முடிக்காத கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். முழங்கால் வலியோடு எழுந்துபோய்க் கழுவினார்.

"அப்ப அழிச்சிடு. இல்லாத ஒண்ணுக்காக நான் தினம் சன்னல்ல வந்து நிக்கணுமா?"

"இருந்தா?"

"இருந்தா அதைச் சொல்ல நீ யாரு?"

படியிறங்கும்போது என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

6

கடைக்குப் போய் டோன் கார்மினேயிடம், "அழிக்கப் போறேன்," என்றேன்.

"நல்லது." கத்தரிக்காய்களைக் கூம்பாக அடுக்கத் தொடங்கினார். "எப்ப?"

"சாயங்காலம்."

"ம்." கத்தரிக்காய் ஒன்று உருண்டது. எடுத்து வைத்தார். "சிஞ்ஞோரா எர்சிலியாவுக்கு வியாபாரம் படுத்துடுமே. பாவம்."

"அவங்களுக்கு வேற ஏதாவது எழுதித் தர்றேன்."

"இங்க வேற என்ன இருக்கு? நாலு மாடி, நாலு பூனை." மறுபடியும் ஒன்று உருண்டது. அதை எடுக்கவில்லை. "அவங்க... மேல என்ன சொன்னாங்க?"

"நீங்க சொன்னதா, நான் எழுதினதான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் எழுதினதுன்னு சொன்னேன்."

என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார். அழுகிய பழத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவனைக் கடைக்காரர் பார்ப்பார் இல்லையா, அது.

"உன்னை யாரு உண்மை பேசச் சொன்னது? உன் தொழிலா அது?"

"டோன் கார்மினே, அது பொய்தான?"

அவர் குரலைத் தாழ்த்தி, கத்தரிக்காய்களிடம் சொல்வது போலச் சொன்னார்:

"வருஷத்தைத்தான் தப்பா போட்டிருக்க. ஒன்பது. முதல் ரெண்டு வருஷம் வெறும் கொசுறுதான்."

தராசுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு டப்பா இருந்தது. விளிம்புவரை நிறைந்திருந்தது.

நான் அழிக்கவில்லை. இரண்டே திருத்தம் செய்தேன். நீலத்தைப் பச்சையாக்கினேன். பதினொன்றை ஒன்பதாக்கினேன்.

மறுநாள் காலை சன்னல் பாதி திறந்தது. டோன்னா நுன்சியாவின் கையில் போன்.

"அழிக்கச் சொன்னா திருத்தி வெச்சிருக்க! வருஷத்தை ஏன் மாத்தின?"

"எனக்குக் கணக்கு வராது, டோன்னா நுன்சியா. தெரிஞ்சவர் சொல்லித் திருத்தினாரு."

சந்தே கடைப் பக்கம் திரும்பியது. டோன் கார்மினே கடைக்குள் போய், இல்லாத எதையோ தேடினார். மேலே சன்னல் சாத்திக்கொண்டது. படாரென்று இல்லை. மெதுவாகத்தான்.

7

அது நேற்று. இனி எழுத என்னிடம் இருப்பது முடிவு மட்டும்தான், அதற்குத்தான் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். எர்சிலியா அம்மாளுக்குக் கல்யாணம் வேண்டுமாம், விருந்து அவருடைய மொட்டை மாடியில். ("அதை ஆறாவதா போட்டுக்கலாம்!") எனக்கு ஒரு சோக முடிவு தயாராக இருந்தது: கூடை இனி இறங்குவதே இல்லை, கயிறு மட்டும் காற்றில்— (சும்மா இரு.)

பதினோரு மணி. நீங்களெல்லாம் நிற்கிறீர்கள். சன்னல் திறந்துவிட்டது. இன்றைக்குக் கத்தல் இல்லை. கூடை மட்டும் இறங்குகிறது, மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி. காலிப் புட்டி இல்லை. சில்லறை இல்லை. அடியில் ஒரு சாவி மட்டும்.

எனக்காக இருக்கலாம். இன்னொரு தடவை திட்ட ஆசைப்பட்டிருக்கலாம். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். ஏற்கெனவே தெரியாததை எழுதித்தான் இவ்வளவும்.

கூடை இப்போது உங்கள் முகத்துக்கு நேரே நிற்கிறது. தெரிகிறது, உங்களுக்குத்தான் கை எட்டும். இது காட்சிக்கு வைத்தது இல்லை. எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பின்னால் ஒருவர் கடை ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மீசையைத் தடவியபடி நிற்கிறார். கொஞ்சம் வழி விடுங்கள்.