இரண்டு இசக்கி

...எட்டடிச் சுவர்தானே, அதுவும் செங்கல்லா அட்டையா என்று கட்டினவனுக்கே தெரியாத சுவர், அதைத் தாண்டி ஒரு வீடியோ போகமாட்டேன் என்கிறது. பென் டிரைவெல்லாம் பட்டிக்காட்டு வேலை, நம்ம வீட்டில் காற்றிலேயே போகும் என்று ஹாலில் அளக்காமல் இருந்திருந்தால் பெரியநாயகம் இந்நேரம் வடை தின்றுகொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி, செம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு, அந்தப் பக்கம் மகள் ஷர்மிளாவைப் பெண் பார்க்க கோபர்கைரனேயிலிருந்து வந்த முத்துசெல்வம் குடும்பம், இந்தப் பக்கம் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் முன்னால் அவர். அறைக்கு ஒரே கதவு, அதுவும் ஹாலில்தான் திறக்கும். ஜன்னல் நாலாவது மாடியில், கம்பியும் போட்டாயிற்று, போடச் சொன்னதும் அவரே. "ரெண்டே நிமிஷம்" என்று உள்ளே வந்து அரை மணி நேரமாகிறது...

பயோடேட்டாவில் அப்படிப் போட்டிருக்க வேண்டாம்தான். தந்தை: சிஸ்டம்ஸ் மேனேஜர். பொய் என்று சொல்லிவிட முடியுமா, அந்தேரி ஆபீசில் சிஸ்டம்ஸ் பிரிவில்தான் வேலை, மேனேஜ் பண்ணாத நாளும் இல்லை, இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது மட்டும்தான் அவர் செய்த காரியம். பழைய மவுஸை வாங்கிக்கொண்டு புது மவுஸைக் கொடுத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குகிற ஸ்டோர்ஸ் கிளார்க் என்று எழுதினால் யார் வருவார்கள், போன இரண்டு வரனும் ஆபீசில் விசாரித்து அதைக் கேட்டுத்தானே "ஊருல பேசிட்டுச் சொல்லுதோம்" என்று போனார்கள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்ததுதான் வந்தது, ஒரு பல் டாக்டராக வந்திருக்கக் கூடாதா, முத்துசெல்வத்தின் மகன் மகேஷ்குமார், நெட்வொர்க் இன்ஜினியராம், ஐரோலியில். அவனைப் பார்த்து ஷர்மிளா அம்மாவிடம் "பரவால்லம்மா" என்றாளாம். அவள் வாயில் பரவாயில்லை வருவது ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது மாதிரி. இந்தக் கதவு திறந்து, மாப்பிள்ளையாகப் போகிறவன் உள்ளே வந்து, கீபோர்டில் கை வைத்து, இவர் முகத்தை ஒரு தரம் பார்த்தானென்றால் போதும்... அப்புறம் அவர்களும் ஊரில் பேசிவிட்டுத்தான் சொல்வார்கள்.

அப்படியென்ன வீடியோ? தாராவி சங்கத்து ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தி 'கணினிச் செம்மல்' பட்டம் கொடுத்த வீடியோ. ஆபீசில் கழித்துப்போட்ட பிரிண்டர் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்திருந்தார், அது கறுப்பை மட்டும் அடிக்காது, மூன்றே மாதத்தில் பிரிண்டர் காயலான் கடைக்குப் போயிற்று, செம்மல் மட்டும் நிலைத்துவிட்டார். அதைச் சம்பந்தி வீட்டாருக்கு டிவியில் காட்ட வேண்டும், அதற்கு இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, டிவியோடு சேர்த்திருக்கும் ஹால் கம்ப்யூட்டருக்கு அது போக வேண்டும். நெட்வொர்க்கைத் திறந்தால் இசக்கி என்று காட்டத்தான் செய்கிறது. குலதெய்வத்தின் பெயர், இதற்கும் அதுதான், ஹாலில் இருப்பதற்கும் அதுதான், ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விட்டால் அம்மன் சும்மா இருப்பாளா, குடும்பத்திலேயே ஆறு இசக்கி, பெரிய இசக்கி, கறுத்த இசக்கி, மாஹிம் இசக்கி, கூப்பிட்டால் சரியான ஆள்தானே திரும்புகிறது... திறந்தார், திறந்தது, வீடியோவை இழுத்துப் போட்டார், இதே பெயரில் ஏற்கெனவே இருக்கிறதே, அதன்மேல் போடவா என்று கேட்டது. ஏற்கெனவே இருக்கிறதா? அம்மனே கொண்டுபோய் வைத்துவிட்டாளா? "வந்துட்டு, பாருங்க!" என்று கதவுக்குள்ளிருந்தே கத்தினார். ஹாலிலிருந்து முத்துசெல்வத்தின் குரல், "அண்ணாச்சி, இங்க ஒண்ணையும் காணோமே, கோபர்கைரனேக்குப் போயிட்டா?" யாரோ சிரித்தார்கள். பெண் குரல்... ஷர்மிளாவா?

பாஸ்வேர்டு கேட்காதே, சரி. எல்லோருக்கும் அனுமதி, சரி. டி டிரைவ் முழுவதையும் திறந்து விடவா, விடு, எதைக் கேட்டாலும் சரி, கோயில் வாசலில் நிற்கிறவன் மாதிரி எதற்கும் தலையாட்டினார், ஆபீசில் அனந்த் இப்படித்தான் செய்வான், முப்பத்திரண்டு வயது, அவன்தான் நிஜ மேனேஜர், ரெண்டு தட்டு தட்டி "ஹோ கயா", முடிந்தது, என்பான், பக்கத்தில் நின்று பார்த்த வருஷங்களுக்கு ஒன்றுமா மனதில் தங்கவில்லை... கதவைத் தட்டினார்கள். "அங்கிள், டென்ஷன் மத் லோ, நான் பாக்கட்டா?" மகேஷ்குமார். "வேண்டாம் தம்பி, இது ஆபீஸ் லெவல் செட்டப்பு, உங்களுக்குப் புரியாது" என்று சொன்னது அவர் வாய்தான், வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அடுத்தது மனைவி தங்கத்தாய், "ஏங்க, வந்தவுகள உக்காரவச்சிட்டு உள்ள என்ன பிரசவமா பாக்கிய? வட ஆறிப்போச்சு." முப்பது வருஷமாக அவளிடமும் சிஸ்டம்ஸில் வேலை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்...

அப்போதுதான் சத்தம் கேட்டது. கைதட்டல், மைக் கீச்சிடுகிற ஒலி, சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமி "நமது இனத்தின் கணினிச் செம்மல்..." ஹாலில், டிவியில்! எப்படிப் போயிற்று, இங்கே எதுவும் நகரவில்லையே. எழுந்தார், கால் கட்டிலில் இடித்தது. கதவின் அந்தப் பக்கம் மகேஷ்குமார், "ஆயிடுச்சு. ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே பேரு, அதான் கூப்ட்டா உங்களுக்கே திரும்பி வந்துது. ஷர்மிளா வைஃபை பாஸ்வேர்ட் குடுத்தாங்க, நான் பேரை விட்டுட்டு கம்ப்யூட்டரோட நெட்வொர்க் நம்பரப் போட்டு மொபைல்லயே உங்க டிரைவத் தெறந்துட்டேன்." உங்கள் டிரைவை. பெரியநாயகம் திரும்பித் திரையைப் பார்த்தார், அவன் பார்த்திருக்கக்கூடிய வரிசையில், சங்க விழாவுக்கு அடுத்த வரியிலேயே, ஷர்மிளா பயோடேட்டா என்ற போல்டர், உள்ளே ஏழு பிரதி, முதலாவதில் கிளார்க், இரண்டாவதில் சீனியர் கிளார்க், நாலாவதில் இன்சார்ஜ், ஏழாவதில் மேனேஜர்... முப்பது வருஷத்தில் ஆபீஸ் கொடுக்காததை ஒரே வாரத்தில் தானே கொடுத்துக்கொண்டது அத்தனையும் தேதியோடு. கதவோரம் குரல் தாழ்ந்தது. "மாமா... வேற எந்தப் போல்டரையும் நான் தெறக்கல."

நல்ல பையன். திறக்கவில்லை என்றால் எதற்குச் சொல்ல வேண்டும்? மாமா என்றானே, அங்கிள் எங்கே போயிற்று, இரக்கப்பட்டு வந்த மாமாவா, ஷர்மிளா பக்கத்தில் நின்று பார்த்தாளா... "செம்மல் அண்ணாச்சி, வெளிய வாரும், உம்ம சால்வையப் பாத்தாச்சு!" என்று முத்துசெல்வம் கூப்பிடுகிறார், சந்தோஷமாகத்தான் கூப்பிடுகிறார், காரியம் முடிந்த மாதிரிதான் இருக்கிறது. இனி ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவன் எதிரே வந்து உட்காருவான், இதே தாழ்ந்த குரலில் மாமா என்பான், ஒரு நாளும் எதையும் கேட்கமாட்டான்... தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. இந்த வரன் தட்டிப்போனால் தேவலை என்று இப்போது, ஒரு கணம், உள்ளே ஏதோ சொன்னதே... ஷர்மிளாவின் அப்பாவா அது?